எட்டு ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்

பொரளை சரவணமுத்து மைதானத்தில் 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதல் டெஸ்ட்டை ஆடியது. இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்ற அணி 175இல் சுருண்டது. எட்டு ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட். பத்து ஆண்டு கழித்து, 1992 ஓகஸ்டில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அதே நோய் மறுபடி வந்தது. அவுஸ்திரேலியாவை வெல்ல 181 போதும். இரண்டு விக்கெட்டுக்கு 127 வந்தாயிற்று. மிச்ச எட்டு விக்கெட்டும் 37 ஓட்டங்களுக்குள் போயின. தோல்வி வெறும் 16 ஓட்டங்களால். இந்த இரண்டு சரிவுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்து வருஷமாக அணி ஒன்றுமே படிக்கவில்லை என்று எழுதிவிடலாம். இடையில் நடந்ததைப் பார்த்தால் அப்படி எழுதக் கை வராது.

டெஸ்ட் அணி ஒன்று முதலில் படிப்பது வெல்வதை அல்ல, தோற்காமல் நிற்பதை. 1982 செப்டெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் துலிப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 அடித்தார், ஆட்டம் சமநிலை. 1984இல் லோர்ட்ஸில் சிதத் வெத்தமுனி பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்று 190 எடுத்தார், அதுவும் சமநிலை. மறு ஆண்டே, 1985 செப்டெம்பரில், அதே சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வீழ்த்தி முதல் வெற்றி கிடைத்தது. அது இலங்கையின் 14ஆவது டெஸ்ட். மறுநாள் நாடே விடுமுறை. 1992இல் சரிந்த அணியும் முதல் இன்னிங்ஸில் குருசிங்க, ரணதுங்க, களுவிதாரண மூவரும் சதமடிக்க 547 குவித்து, 291 ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்த அணிதான். நிற்கத் தெரிந்துவிட்டது, முடிக்கத்தான் தெரியவில்லை. அதற்கும் அதிக காலம் எடுக்கவில்லை. 1993 மார்ச்சில் அதே எஸ்.எஸ்.சி.யில் இங்கிலாந்துக்கு எதிராக 140 தேவைப்பட்டபோது, ஐந்து விக்கெட் விழுந்தும் ஆட்டத்தை முடித்தார்கள்.

இத்தனையும் அரைகுறை உணவில் வளர்ந்த பிள்ளையின் கதை. 1987 ஏப்ரலில் புறக்கோட்டை பஸ் நிலையக் குண்டுவெடிப்புக்குப் பின் நியூஸிலாந்து அணி பாதியில் திரும்பிப் போக, ஐந்தாண்டுக்கு மேல் இந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. இங்கிலாந்தோ 1984, 1988, 1991, 1998 என்று தன் நாட்டுக்கு அழைத்த நான்கு தடவையும் ஒற்றை டெஸ்ட்டோடு அனுப்பிவைத்தது. கடைசித் தடவை, ஓவலில், முரளிதரன் 16 விக்கெட் எடுத்து வென்றுகொடுத்த பிறகுதான் 2002இல் மூன்று டெஸ்ட் தொடர் கிடைத்தது. தகுதியைக் காட்டு, பிறகு போட்டி தருகிறோம் என்பது அவர்கள் நியாயம். போட்டியே தராவிட்டால் தகுதியை எங்கே காட்டுவது?

எல்லாம் முரளி ஒருவரால் வந்தது என்போரும் உண்டு. அவர் இல்லாமல் ஓவல் வெற்றி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். (அவர் கழகக் கிரிக்கெட் ஆடியது தமிழ் யூனியனுக்கு, அந்தக் கழகத்தின் மைதானம்தான் சரவணமுத்து என்பதில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரு சின்னப் பெருமை இருந்தால் தப்பில்லை.) ஆனால் முதல் வெற்றி வந்தபோது அவர் பாடசாலை மாணவன். 1992இல் கெத்தாராமையில் அறிமுகமான அவருக்கே நூறாவது விக்கெட்டை எட்ட 1997 ஆகிவிட்டது. மேதைக்கும் பந்துபோட ஆட்டம் வேண்டும். சொந்த மண்ணில்தான் வெல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இலங்கை இன்றுவரை ஒரு டெஸ்ட்டை வென்றதில்லை. வெளிநாட்டில் முதல் வெற்றிக்கே 1995இல் நேப்பியர் வரை பதின்மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 2019இல் தென்னாபிரிக்காவில் தொடரை 2-0 என வென்ற முதல் ஆசிய அணியும் இதுதான்.

டெஸ்ட் நாடுகளை இரண்டு அடுக்காகப் பிரிக்கும் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஒருபக்க ஆட்டங்களை யார் காசு கொடுத்துப் பார்ப்பார் என்பது அதன் வாதம்; தொலைக்காட்சி வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வாதம் அற்பமானதல்ல. ஆனால் நியூஸிலாந்து முதல் வெற்றிக்கு 26 ஆண்டும் 45 டெஸ்ட்டும் எடுத்தது. கீழ் அடுக்கில் போட்டு மறந்திருந்தால், 2021இல் உலக டெஸ்ட் சம்பியன் கிண்ணத்தை முதன்முதலில் தூக்கிய அணி இருந்திருக்குமா? அடுக்கு வராமலேயே நம் தட்டில் சோறு குறைந்துவிட்டது. 2025இல் இலங்கை ஆடியது நான்கே டெஸ்ட், இரண்டு இரண்டாக. முதல் ஆட்டத்தில் கண்ட பிழையை இரண்டாவதில் திருத்துவதற்குள் தொடர் முடிந்துவிடுகிறது.

2017 மார்ச்சில் பங்களாதேஷ் தனது நூறாவது டெஸ்ட்டை அதே சரவணமுத்து மைதானத்தில் ஆடி, 191 என்ற இலக்கை ஆறு விக்கெட் இழப்புக்கு எட்டியது. தோற்றது இலங்கை. அந்த நூறில் முதல் முப்பத்துநான்கில் பங்களாதேஷ் ஒன்றைக்கூட வென்றிருக்கவில்லை.