மனநல வார்டில் பேசுவது வீண் பேச்சல்ல

மனநல வார்டில் செவிலியருக்கு என்ன வேலை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, யாரும் ஓடிவிடாமலும் அடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது இந்தப் பட்டியலில் சேராது. வேலை முடிந்து நேரம் மிஞ்சினால் செய்கிற நல்ல காரியம் என்றே அதை நினைக்கிறார்கள். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் எவையும் ஆராய்ந்து பார்த்தால் நிற்பதில்லை.

குணப்படுத்துவது மருந்து, பேச்சு வெறும் ஆறுதல் என்பது முதல் வாதம். மருந்து தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். சென்னையும் கொழும்பும் அதில் இடம்பெற்றன. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சை இரு தரப்புக்கும் உண்டு. ஒரு தரப்பினரோடு மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை ஃபோனிலோ நேரிலோ விசாரித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

“சாவைப் பற்றிக் கேட்காதீர்கள், இல்லாத நினைப்பை நாமே ஏற்படுத்திவிடுவோம்” என்பது அடுத்தது. அக்கறையில் பிறந்த பயம்தான்; ஆனால் ஆபத்தான பயம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன வேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை என்று 2005-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. “செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகவும் நிதானமாகவும் கேட்கும் செவிலியர், அதுவரை யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவருக்கு வழி திறக்கிறார்.

ஆத்திரத்தில் இருப்பவரிடம் பேச்சு எடுபடாது, கட்டிப்போடத்தான் வேண்டும் என்பது மூன்றாவது வாதம். இங்கிலாந்தில் மனநலச் செவிலியத் துறைப் பேராசிரியர் லென் போவர்ஸ் தலைமையில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறை சோதிக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. மறுப்பைக்கூட மென்மையாகச் சொல்வது, கெட்ட செய்தி வரும் நாளில் முன்கூட்டியே உடன் இருப்பது, கொதித்து நிற்பவரைப் பேசித் தணிப்பது போன்ற பத்து நடைமுறைகள், அவ்வளவுதான். 2015-ல் வெளியான முடிவின்படி, அந்த முறையைக் கடைப்பிடித்த வார்டுகளில், கடைப்பிடிக்காத வார்டுகளோடு ஒப்பிடும்போது, மோதல்கள் 15 சதவீதமும், ஆளைப் பிடித்து அடக்குதல், தனிமைப்படுத்தல் போன்ற கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன.

பேசத்தானே, அதற்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் இதற்கு ஒரு முழுப் புத்தகத்தையே பதிலாக எழுதினார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் மையம் என்று சொன்ன அந்தப் புத்தகம் 1948-லேயே எழுதி முடிக்கப்பட்டது. கூட ஒரு மருத்துவரின் பெயர் இல்லாமல் செவிலியர் தனியாகப் புத்தகம் எழுதுவதை ஏற்க அன்று தயக்கம் இருந்ததால், 1952-ல்தான் அச்சேறியது.

பயிற்சி இல்லாத நல்ல மனசு எங்கே சறுக்கும் என்பது வார்டில் தினமும் தெரியும். “எல்லாம் சரியாயிடும்” என்று சொன்னதும் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். தன் பயத்தைக் கேட்க இவருக்கு விருப்பமில்லை என்றே அதை எடுத்துக்கொள்கிறார். “ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்ற கேள்வி விசாரணைபோல ஒலிக்கிறது. “சிஸ்டர், காதுல யாரோ திட்டிக்கிட்டே இருக்காங்க” என்பவரிடம் அப்படி யாரும் இல்லை என்று வாதாடினால் நம்பிக்கை போகும். ஆமாம் என்றால் நோய் வலுப்படும். பயிற்சி பெற்றவர் சொல்வது வேறு: “எனக்கு அந்தக் குரல் கேக்கலைம்மா. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. ரொம்பப் பயமா இருக்கா?” பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை, பேச்சு பயத்தின் பக்கம் திரும்புகிறது.

இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்பவர்களும் கடைசியில் சொல்வது, ஆள் இல்லை, நேரம் இல்லை என்பதைத்தான். இந்தக் குறை உண்மையானது. இரவு டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்க்கும் செவிலியரிடம் போய், எல்லோரோடும் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் இது பேச்சுக்கு எதிரான வாதம் அல்ல, நியமனம் செய்யாதவர்களுக்கு எதிரான வாதம். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது என்று இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 97-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் கட்டுக்குப் பதிலாக வார்டில் இருக்க வேண்டிய ஆட்களை நியமிப்பது நிர்வாகத்தின் கடமை. எத்தனை செவிலியர் தேவை என்று கணக்கிடும்போது ஊசிக்கும் மாத்திரைக்கும் ஒதுக்குவதுபோல நோயாளியோடு பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். அவர் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த ஷிப்டில் வருபவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும்.