பலகை மாறினால் போதுமா?

எல்லையிலே நிற்கும் நம் ஓசூர், 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. பலகை மாறிற்று, மன்றத்திலே மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை! 2016-ல் நடந்திருக்க வேண்டிய தேர்தல், 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதுவரை தனி அதிகாரியின் ஆட்சி! சிப்காட்டிலே உழைத்து வரி கட்டியவன், குடிநீருக்கும் சாக்கடைக்கும் எந்த உறுப்பினரிடம் முறையிடுவான்?

ஆப்பிரிக்காவின் கென்யாவைப் பாருங்கள்! அங்கே 2010 அரசியல் சட்டப்படி 47 வட்டார அரசுகள். ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், தேசிய வருவாயில் 15 சதவீதத்துக்குக் குறையாத பங்கு, சட்டம் தந்த உரிமை, சலுகையல்ல! தேர்தலுக்குக் காலம் குறித்த நமது 74-வது திருத்தமோ, பங்கு இவ்வளவு என்று குறிக்கவில்லை.

டில்லியிடம் மாநிலத்தின் உரிமை கேட்கும் நாம், கோட்டையிடம் நகரத்தின் உரிமையையும் கேட்போம். கொள்கை என்றால் இரண்டிடத்திலும் ஒன்றுதானே!