தண்டனைக்கு ஒரே சட்டம்



இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனை விதிக்கும் முறைகள் 1,300 பக்கங்களுக்கு மேல் பல சட்டங்களில் சிதறிக் கிடந்தன. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்குகள் 262-ஐ ஆராய்ந்தபோது, 95-இல் விதித்த தண்டனையே சட்டத்துக்குப் புறம்பானது எனத் தெரிந்தது. நீதிபதிகளே தடுமாறினால் கூண்டில் நிற்பவர் கதி என்ன? அந்நாட்டுச் சட்ட ஆணையம் எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுக்க, 2020 டிசம்பர் 1 முதல் ஒரே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிகபட்சத் தண்டனைகள் மாறவில்லை. தேடும் இடம் ஒன்றானது.

நம் நாட்டில் 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தும், 2003-இல் குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழு பரிந்துரைத்த தண்டனை வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் வரவில்லை. நாடாளுமன்றம் இனியும் தாமதிக்கக் கூடாது.

– ஒரு வழக்கறிஞர், மதுரை