பிறக்காத பேரனுக்குச் சொத்து!

நாடக மேதை ஷேக்ஸ்பியரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் ஒரு நிலச்சுவான்தாரும் கூட!

இங்கிலாந்தில் உள்ள ஸ்டிராட்போர்டு, அவருடைய சொந்த ஊர். 1602-ம் ஆண்டில் அங்கே 107 ஏக்கர் நிலத்தை 320 பவுண்டுக்கு வாங்கினார்.

ஒரே மகன் ஹாம்னட், 11 வயதில் இறந்துவிட்டான். மகள்கள் இருவர் இருந்தார்கள்.

1616 மார்ச்சில் ஷேக்ஸ்பியர் உயில் எழுதினார். நிலமும் வீடுகளும் மூத்த மகள் சூசன்னாவுக்கு. அவளுக்குப்பின் அவளது மூத்த மகனுக்கு. அவன் இல்லாவிட்டால் இரண்டாவது மகனுக்கு. இப்படி ஏழாவது மகன் வரை எழுதி வைத்தார்!

நடந்தது என்ன?

சூசன்னாவுக்கு ஆண் குழந்தையே பிறக்கவில்லை. இளைய மகளின் மூன்று பிள்ளைகளும் இளம் வயதிலேயே இறந்தார்கள். பேத்தி எலிசபெத், குழந்தை இல்லாமல் 1670-ல் இறந்தாள். அத்துடன் நேர் வாரிசு அற்றுப்போயிற்று.

அதே உயிலில் தங்கை ஜோனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவள் குடியிருந்த வீட்டிலேயே ஆயுள் முழுவதும் இருக்கலாம். வாடகை, ஆண்டுக்கு 12 பென்சுதான்!

உயில் எழுதிய அடுத்த மாதமே ஜோன் கணவனை இழந்தாள். சில நாட்களில் அண்ணனும் போய்விட்டார். ஆனால், 1646-ல் கண்மூடும் வரை வீடு அவளைக் காத்தது.

ஏழு பேரன்களுக்கு எழுதியது வீணாயிற்று. ஒரு தங்கைக்கு எழுதியது பலித்தது.

நாளை பிறக்கப்போகிறவர்களை நினைப்பது தவறல்ல. ஆனால், இன்று நம்மோடு இருப்பவர்களுக்கு முதலில் ஒரு கூரை வேண்டும். உயில் எழுதுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது!