வாரக்கடைசி வேலை - 7: ஊசி எந்தப் பக்கம்?

மக்களே, போன வாரம் சப்பாத்திக்கட்டை வாங்கப் போனவன் தையல் மெஷினோட திரும்பி வந்த கதை இது.

இங்கே கிளாஸ்கோவில் தெருவுக்கு ஒரு பழைய சாமான் கடை உண்டு. மூலையில் ஒரு மரப்பெட்டி. மூடியைத் தூக்கினா உள்ளே கருப்பா ஒரு சிங்கர், கைச்சக்கரம் வச்சது. 15 பவுண்டு. சக்கரத்தைச் சுத்திப் பார்த்தேன், அசையலை. கடைக்காரம்மா "அலங்காரத்துக்கு வாங்குறாங்கப்பா"ன்னாங்க. எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு. ராஜபாளையத்துல எங்க அம்மா இதே மாதிரி ஒரு கருப்பு மெஷின்லதான் (அது உஷா) ஜாக்கெட் தச்சு, ஃபால்ஸ் அடிச்சு என் பீஸ் கட்டினாங்க. அதைப் போய் அலங்காரம்னா? வாங்கிட்டேன். பஸ்ல மடியில வச்சு வந்ததுல ரெண்டு தொடையும் மரத்துப் போச்சு.

எண் ஈ.ஜே.ன்னு ஆரம்பிக்குது. அதை வச்சுப் பார்த்தா 1950கள்ல பிறந்தது. மாடல் 99கே. அந்த 'கே' கில்போவியைக் குறிக்கும், பக்கத்துல கிளைட்பேங்க்ல இருந்த சிங்கர் தொழிற்சாலை இருந்த இடம். 1885-ல திறந்தாங்க. 1913-ல மட்டும் 13 லட்சம் மெஷின் அனுப்பியிருக்காங்க. 1911-ல மூடிக்குப் பாலிஷ் போடுற 12 பெண்கள், "ஆளைக் குறைச்சுட்டு எங்க தலையில வேலையைக் கட்டாதீங்க"ன்னு வெளியே வந்தாங்க. பின்னாடியே கிட்டத்தட்ட 11,000 பேர் வந்துட்டாங்க. வேலைநிறுத்தம் தோத்துருச்சு. 1980-ல தொழிற்சாலையும் மூடிட்டாங்க. இப்போ மிச்சம் 'சிங்கர்'ங்கிற பேர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன்தான்.

சரி, நம்ம வேலைக்கு வருவோம்.

முதல் நாள் நான் பண்ணின முதல் காரியமே தப்பு. அழுக்கு போகட்டும்னு ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சுத் தேய்ச்சேன். அந்தக் கால மெஷினுக்கு மேல் பூச்சு அரக்கு. ஸ்பிரிட் பட்டா கரைஞ்சுரும். பொன் எழுத்துல கடைசி எழுத்து கையோட வந்துருச்சு. இப்போ என்கிட்ட இருக்கிறது 'சிங்கே'. :-(

ரெண்டாவது நாள் அம்மாவுக்கு வீடியோ கால். உண்மையைச் சொல்றேன், ஒரு வருஷமா எங்க பேச்சு மூணே கேள்விதான். சாப்பிட்டியா, குளிருதா, எப்போ வர்றே. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும். மெஷினைக் காட்டினேன்.

"தேங்காயெண்ணெய் கீது விட்டுடாதடா, பிசினாட்டம் பிடிச்சுக்கும். யாரோ கண்ட எண்ணெயை விட்டிருக்கான், அதான் இறுகிக் கிடக்கு. மண்ணெண்ணெய் விடு. ஊறட்டும். அவசரப்படாதே."

இங்கே மண்ணெண்ணெய்க்குப் பேர் பாரஃபின். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, எண்ணெய் விடுற துளை ஒவ்வொண்ணுலயும் சொட்டு சொட்டா விட்டேன். அடிப்பக்கம் திருப்பி மூட்டு மூட்டா விட்டேன். மூணு நாள். நாலாவது நாள் சக்கரம் ஒரு அங்குலம் நகர்ந்துச்சு. ஹால்ல தனியா நின்னு "ஏய்"னு கத்தினேன்! அப்புறம் முன்னேயும் பின்னேயுமா ஆட்டி ஆட்டி, கருப்புக் கழிவெல்லாம் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் விட்டதும் வெண்ணெய் மாதிரி ஓடுது. பாபின் பக்கத்தைத் திறந்தா கம்பளம் நெய்யலாம், அவ்வளவு பஞ்சு.

புது ஊசி போட்டு, நூல் கோத்து, பழைய லுங்கித் துணியில ஓட்டினேன். ஓட்டை மட்டும் விழுது, தையல் விழலை. டென்ஷனைத் திருகினேன், பாபினை மாத்தினேன், ஊஹூம். ராத்திரி ஒண்ணரை மணி, ஊர்ல விடிஞ்சிருக்கும்னு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஊசி எந்தப் பக்கம் போட்டே?"

"நம்ம வீட்ல போடுற மாதிரிதாம்மா."

"அது உஷாடா. எல்லாம் ஒண்ணாவா இருக்கும்? ஊசியைத் தடவிப் பாரு, ஒரு பக்கம் நீளமா பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பள்ளத்துப் பக்கமாத்தான் உள்ளே போகணும். திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். டக் டக் டக். அரையடி நீளத்துக்குத் தையல்.

அப்பதான் ஒண்ணு உறைச்சுது. அஞ்சாயிரம் மைல் தள்ளி, கையால தொடாம, ஒரே கேள்வியில கண்டுபிடிச்சாங்க. என் மார்க் ஷீட்டையெல்லாம் ஊரெல்லாம் காட்டினவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்னிக்கு நாப்பது நிமிஷம் பேசினோம். முதல் மெஷினைத் தவணையில வாங்கினது, தீபாவளிக்கு முந்தின ராத்திரி விடிய விடியத் தச்சது எல்லாம். இப்போ கண்ணு சரியில்லைன்னு மெஷினை மூடி வச்சுட்டாங்களாம். அதை என்கிட்ட யாரும் சொல்லலை. நானும் கேட்கலை.

தச்ச தலையணை உறையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தாங்க.

"கோணலா இருக்கு. பிரிச்சுட்டு மறுபடி அடி."

அடிச்சுக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: சப்பாத்திக்கட்டை இன்னும் வாங்கலை. அடுத்த வாரமும் பாட்டில்தான்.