குறட்டை நின்றால் கவனியுங்கள்

குறட்டை என்றாலே நமக்கு வேடிக்கைதான். கும்பகர்ணனைத் துணைக்கு அழைப்போம், குழந்தைகள் அப்பாவைப் போலவே குறட்டை விட்டுக் காட்டுவார்கள், நாமும் சிரிப்போம். ஆனால், சகோதரிகளே, அந்தச் சத்தத்தின் நடுவே சட்டென்று ஒரு நிசப்தம் வருகிறதா? அதை மட்டும் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அதிகமாகத் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சின் பாதையை அடைத்துவிடுகிறது. மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. பத்து விநாடி, சில சமயம் அரை நிமிஷம் கூட இப்படிக் கழியும். ரத்தத்தில் பிராண வாயு குறைந்ததும் மூளை பதறி ஆளை உலுக்குகிறது. அவர் திணறி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிப் போகிறார். பிறகு கேட்டால், "நானா? நன்றாகத்தானே தூங்கினேன்!" என்பார். அது பொய்யல்ல, அவருக்குத் தெரியாது.

அவருடைய இருதயத்துக்குத் தெரியும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் சற்றுத் தணிந்து, இருதயம் இளைப்பாற வேண்டும். ஒவ்வொரு திணறலுக்கும் அழுத்தம் குபீரென்று ஏறினால் ஓய்வு ஏது? மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ இப்படி நேர்ந்தால் நோய் கடுமை என்பது வைத்தியர்களின் கணக்கு. வருஷக் கணக்கில் நீடித்தால், மருந்துக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு, தாறுமாறான இருதயத் துடிப்பு, இருதயப் பலவீனம், பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழி திறக்கிறது. 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹரிக்கும் இந்த உபாதை இருந்ததாக அவருடைய டாக்டர்கள் கூறினார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் வாசகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். வேறு நேரத்தில் கண் சொக்கினாலும், "ஷிப்ட் அலுப்பு" என்று விட்டுவிடுகிறோம். நோய் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: அவர் தூங்கும்போது நீங்கள் விழித்திருக்கிறீர்கள். சமையலின் நடுவே காதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொடுங்கள். குறட்டை நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து விநாடியைத் தாண்டுகிறதா? அடிக்கடி நேர்கிறதா? எழுந்ததும் தலைவலி என்கிறாரா? பெரிய யந்திரங்களுக்கு அருகே வேலை செய்பவர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரிடம் கூடவே போங்கள். இந்த வழக்குக்குச் சாட்சி நீங்கள்தான்! தூங்கும்போது சுவாசத்தையும் பிராண வாயுவையும் கருவிகளால் அளந்து நோயை நிச்சயம் செய்வார்கள். பருமனைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் பலருக்குக் குணம் தரும். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியும் உண்டு. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்த உபாயம் அது. கருவி வந்துவிட்டதென்று ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் பெண்களுக்கும் அதிகமாக வருகிறது. குறட்டையை விட அலுப்பும் தூக்கக் குறைவுமே முன்னால் தெரியும். வீட்டு வேலைக் களைப்பு என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அவர் தூக்கத்தை நீங்கள் கவனிக்கிறீர்கள், சரி. உங்கள் தூக்கத்தைக் கவனிக்கும்படி இன்றே அவரிடம் சொல்லிவையுங்கள்.