ஞாபகம் வராத பெயர்கள்

முன்னாள் மாணவர்கள் சந்திப்பு என்று எங்கே பந்தல் போட்டாலும் சரி, ‘ஞாபகம் வருதே’ பாட்டு இல்லாமல் முடியாது. 2004-ல் வந்த சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ படத்துக்காக பரத்வாஜ் இசையமைத்து, அவரே பாடியது. இருபது வருஷம் தாண்டியும் அலுக்கவில்லை. தொப்பை போட்ட ஐம்பது வயசு ஆசாமிகள் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

துடைக்கட்டும். பாட்டு மேல் எனக்குக் கோபமில்லை. அது முடிந்ததும் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, ‘‘அந்தக் காலத்துல நாம எல்லாரும் எவ்வளவு வெகுளியா இருந்தோம்!’’ என்பாரே, அங்கேதான் எரிகிறது. அந்த ‘எல்லாரும்’ யார் யார் சார்?

சுந்தரபாண்டியம் நெசவாளர்கள் வாழும் ஊர். சாயங்காலம் பையை வீசிவிட்டு விளையாட ஓடிய பிள்ளைகள் இருந்த அதே தெருவில், ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிய பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவளானதும் படிப்பை நிறுத்தப்பட்டவள் எத்தனை பேர்! கொஞ்சம் தள்ளி சிவகாசி, சாத்தூர். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூங்கித் தூங்கி ஏறிய வாண்டுகளுக்கு ஏது ஆட்டோகிராஃப் நோட்டு? சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் இருக்கிறார்கள் அவர்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஒரு பால்யத்துக்கு நம் நாட்டில் அதுதான் ரேட்!

சேரனைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையோடு ஊருக்குப் போகும் செந்தில், கூடப் படித்த கமலாவைக் குடும்பமும் பிள்ளைகளுமாகத்தான் பார்க்கிறான். அதைப் படம் ஒளிக்கவில்லை. நாம்தான் கமலாவை அங்கேயே விட்டுவிட்டு, பாட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அமெரிக்கர்களுக்கும் இந்த ஏக்கம் உண்டு. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1976-ல் வந்தது. வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகிற பயணம் அது என்று டான் ஹென்லி விளக்கியிருக்கிறார். ஐம்பது வருஷமாக உலகமே கேட்கிறது. ஆனால் அதில் வெகுளித்தனத்தைத் தொலைத்தவர்கள் பாடுகிறவர்களே. பணம், போதை, ஆடம்பரம் என்று தாங்களே போய் விழுந்த கதை. நாமோ யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி அழுகிறோம்!

அடுத்த சந்திப்புக்கு ஒன்று செய்யுங்கள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை ஃப்ளெக்ஸ் அடிப்பதை விடுங்கள். பழைய ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு கிடைக்குமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள். கிடைத்தால், பாட்டுப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெயர்களை மைக்கில் வாசியுங்கள். நடுவில் நின்றவர்களில் பலர் இன்னமும் அடுத்த தெருவில்தான் இருப்பார்கள். அவர்களையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.